உப்புக் காற்றுக்கும் சேர்த்து மதிப்பீடு போடுங்கள்

பெறுநர்: ராமநாதபுரம் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர், மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, ராமநாதபுரம், ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை ஒன்றியங்களின் பொறியாளர்கள், ஓவர்சியர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைத் தளம், மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. இந்தக் கணக்கு பரமக்குடிக்கும் ஒன்றுதான், பாம்பனுக்கும் ஒன்றுதான். பரமக்குடியில் கம்பியைத் தின்ன உப்புக் காற்று இல்லை. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள கடலோர ஊர்களுக்கு மட்டும் தனி மதிப்பீடும், தனி மேற்பார்வை விதிகளும் வேண்டும் என்பதுதான் இந்த மடல். என்ன சேர்க்க வேண்டும், எவ்வளவு, சேர்க்காவிட்டால் எது கெடும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

மின்சாரச் சிக்கனம், பசுமை வீடு என்று பேச்செடுத்தால் எல்லாரும் நேராகச் சூரியத் தகட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கரையில் வரிசை வேறு. முதலில் உப்பு, பிறகு காற்றோட்டம், பிறகு கூரைச் சூடு. தகடு கடைசி. ஒரு டன் சிமெண்ட் செய்ய அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. பதினைந்து வருடத்தில் காரை பெயர்ந்து, தளத்தை இடித்துத் திரும்பப் போடுகிற வீட்டில் எத்தனை எல்.இ.டி. விளக்கு மாட்டினாலும் அந்தக் கணக்கு நேராகாது.

உப்பு உள்ளே வரும் வழிகள் இரண்டு. வெளியிலிருந்து காற்றோடு வருவது ஒன்று. நாமே கலவையில் ஊற்றிக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் வேகமாகக் கெடுக்கும், ஆனால் தடுக்கச் சுலபமானதும் அதுதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்பில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் பகுதி, லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கான்கிரீட்டில் மொத்தமாக ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. கடலோர ஆழ்குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் இருந்தால் என்ன ஆகும்? ஒரு கனமீட்டருக்கு 7 மூட்டை சிமெண்ட், மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 157 லிட்டர். அதிலேயே 0.47 கிலோ குளோரைடு போய்விட்டது. மணலும் ஜல்லியும் கொண்டுவருவதை இன்னும் சேர்க்கவில்லை. மணல் கரையோரத்தில் அள்ளியது என்றால் கணக்குப் பார்க்கவே வேண்டாம்.

இதில் வேடிக்கை, தேவைப்படும் நல்ல தண்ணீர் மிகக் கொஞ்சம். 300 சதுர அடித் தளத்தை 5 அங்குலக் கனத்தில் போட்டால் மூன்றரை கனமீட்டர், சுமார் 25 மூட்டை. கலவைக்கு 560 லிட்டர், அதாவது ஒரு பெரிய சின்டெக்ஸ் தொட்டி அளவு கூட இல்லை. தண்ணீர் கட்டி வைக்கத்தான் அதிகம் வேண்டும். தளத்தில் பாத்தி கட்டி ஓர் அங்குலம் நிறுத்த 700 லிட்டர், அதன் பிறகு வெயிலில் வற்றுவதை ஈடுகட்ட நாளுக்கு 150 லிட்டர் வரை. நனைத்த சாக்கை விரித்து மேலே பாலித்தீன் தாளால் மூடினால் இதுவும் பாதியாகக் குறையும். பதினான்கு நாள் கட்டாயம். சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாக இறுகுவது, அதை ஏழு நாளில் காயவிட்டால் மேல்தோல் மாவாக உதிரும். ஆக, ஒரு வீட்டுத் தளத்துக்கு ஒரு லாரி நல்ல தண்ணீர் தாராளம். காவிரிக் கூட்டுக் குடிநீரோ, உள்ளூர் ஊருணியோ, அந்த ஒரு லாரியை மதிப்பீட்டில் தனி வரியாக எழுதுங்கள். பயனாளியின் பொறுப்பில் விட்டால் பக்கத்து ஆழ்குழாயிலிருந்து ஓஸ் பைப்தான் வரும். தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று ஒவ்வொரு ஓவர்சியர் பையிலும் இருக்கட்டும். அளவு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் தளத்துக்கு ஆகாது என்று திருப்பி விடலாம். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் குளோரைடு பார்த்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து வரும் உப்புக்கு முதல் தடுப்பு, கம்பிக்கு மேலும் கீழும் நிற்கும் கான்கிரீட்டின் கனம். கடலோரத்தைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, கம்பியை மூடும் கான்கிரீட் மறைப்பு 45 மில்லிமீட்டரும், கான்கிரீட்டின் வலு எம்-30 தரமும், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று அதே ஐ.எஸ். 456 கேட்கிறது. வேலையிடத்தில் நடப்பதோ, கம்பிக்கு அடியில் கருங்கல் சில்லு. மிதித்தால் நழுவி, கம்பி பலகையிலேயே உட்கார்ந்துவிடும். தளம் பிரித்த அன்றைக்கே அடியில் கம்பியின் கோடு தெரிகிற வீடுகள் இந்தக் கரையில் நிறைய. துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது காரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. ஜன்னல் மேல் சன்ஷேடு மெல்லியது, மூன்று பக்கமும் காற்று படுவது, அதனால் அதுதான் முதலில் விழும்.

கம்பியைத் தூக்கி நிறுத்தும் 45 மில்லிமீட்டர் கவர் பிளாக்கைக் கடையில் தேட வேண்டியதில்லை. தளத்துக்குப் போடும் அதே தரத்தில் கலவை கலந்து, அச்சில் வார்த்து, ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் போதும். சதுர மீட்டருக்கு நான்கு வைத்தால் 300 சதுர அடிக்கு நூற்றுப்பத்து. இவ்வளவு மறைப்பு விட்டால் நாலரை அங்குலத் தளத்தில் கம்பி நடுவுக்கு ஏறிவிடும், பலம் குறையும். அதனால்தான் ஐந்து அங்குலம் என்கிறோம். கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் அதற்கேற்ப உங்கள் பொறியாளர்தான் திரும்பக் கணக்கிட வேண்டும், கம்பி கட்டுபவர் கையில் விடக் கூடாது. கட்டுக்கம்பியின் முனைகளைக் கீழ்நோக்கி விடாமல் மேலே மடக்கச் சொல்லுங்கள். பலகையைத் தொடும் ஒவ்வொரு முனையும் உப்புக்கு ஒரு திரி. கம்பி இறக்கியதும் மணலில் போடாமல் கட்டையின் மேல் அடுக்கி, மூடி வைக்க வேண்டும். ஒரு மாதம் கடற்காற்றில் கிடந்த கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகே கட்ட வேண்டும்.

சிமெண்டில் 53 கிரேடு சாதா சிமெண்டைவிட, சாம்பல் கலந்த பி.பி.சி.யோ, உருக்காலைக் கசடு கலந்த பி.எஸ்.சி.யோ இந்தக் கரைக்கு மேல். துளைகள் நெருக்கமாகும், குளோரைடு உள்ளே ஊர்வது மந்தமாகும். சிமெண்ட் எரித்துச் செய்யும் அளவும் குறையும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்திலேயே அரிமானச் சோதனைக் களம் வைத்திருக்கிறது. கம்பிக்குப் பூசும் சிமெண்ட்-பாலிமர் பூச்சை உருவாக்கியவர்களும் அவர்கள்தான். மாவட்டம் அவர்களிடம் ஒரு மாதிரிக் குறிப்பு கேட்டு வாங்கினால், நாங்கள் இங்கே எழுதுவதைவிடக் கறாராகக் கிடைக்கும்.

அடிமானத்தை நிரப்பக் கடல் மணலைக் கொட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். சுவர் அந்த உப்பை ஈரத்தோடு உறிஞ்சி, இடுப்புயரம் வரை பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். சிமெண்ட் பூச்சு பூசினால் பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடுவதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நிரப்பச் செம்மண் அல்லது கிராவல், அதன் மேல் ஒன்றரை அங்குல ஈரத்தடுப்புப் பட்டை. கரையில் மணல் அள்ளினால் அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மேடு போய்விடும், அப்புறம் கச்சான் என்னும் மேல்காற்றில் மணல் நேராக வீட்டுக்குள் வரும். கீழக்கரையின் பழைய வீடுகள் இதே காற்றில்தான் நிற்கின்றன. அங்கே சுவரில் சுண்ணாம்பு, தளத்தில் தேக்கு. துருப்பிடிக்க இரும்பு இல்லை. இன்று அப்படிக் கட்ட மரமும் இல்லை, கூலியும் கட்டாது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை எடுக்கவும் முடியாது, அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, கையே வைக்கக் கூடாது. இரும்பை எங்கெல்லாம் தவிர்க்கலாமோ அங்கெல்லாம் தவிர்ப்பது என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரும்பு ஜன்னல் சட்டத்துக்குப் பதில் வேப்பமரச் சட்டம் என்று ஒரு வரி மாற்றினாலே நல்ல தொடக்கம்.

இனி காற்றோட்டம். இங்கே பகல் சூட்டைவிட இரவுப் புழுக்கம்தான் ஆளைக் கொல்கிறது. வியர்வை காய உடம்பின் மேல் காற்று ஓட வேண்டும். தேசியக் கட்டட விதி, ஈரமும் சூடும் உள்ள பகுதிகளுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு கேட்கிறது. 360 சதுர அடிக்கு 60 சதுர அடி. மூன்றுக்கு நான்கு அடி ஜன்னல் ஐந்து வேண்டும். இரண்டு வைத்துவிட்டுப் போகிற வீடுகளே அதிகம். நகர்த்தும் அலுமினிய ஜன்னலாக இருந்தால் அதில் பாதிதான் திறக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எங்கே வைப்பது என்பது அளவைவிட முக்கியம். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பாக் விரிகுடா கிழக்கே இருக்கிறது. ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா தெற்கே. சித்திரை வெயிலில் மத்தியானத்துக்கு மேல் வரும் கடற்காற்று இரண்டு ஊருக்கும் ஒரே திசையில் வராது. அதனால் ஒரே வரைபடத்தை ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பது போதாது. கடல் பக்கச் சுவரில் தாழ்வாக ஒரு திறப்பு, எதிர்ச்சுவரில் உயரமாக ஒன்று, நடுவே மறிக்கும் சுவரில் மேலே ஜாலி. மேற்கில் கழிப்பறையையும் அடுப்படியையும் வைத்தால் மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து புழுதியோடு வரும் கச்சானுக்கும் அதுவே மறைப்பு.

ஜன்னல் வைத்தும் மக்கள் சாத்தியே வைத்திருக்கிறார்கள் என்ற குறை அடிக்கடி கேட்கும். சந்தில் போகிறவர் வீட்டுக்குள் பார்க்கிற உயரத்தில் ஜன்னல் இருந்தால் எந்த வீட்டிலும் சாத்தத்தான் செய்வார்கள். இரவில் கொசு வேறு. ஏழடிக்கு மேல் ஓர் அடி உயரத்துக்குச் சுவர் நீளம் முழுக்க ஜாலி விட்டு, உள்ளே நைலான் வலை அடித்தால் அது இரவெல்லாம் திறந்தே இருக்கும். இரும்பு வலை ஒரு மழைக்காலம் தாங்காது.

கூரைச் சூட்டுக்கு மிக மலிவான மருந்து வெள்ளை. சித்திரையில் வெறும் சிமெண்ட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். வெள்ளை அடித்த தளம் அதைவிட வெகுவாகக் குறையும், அறைக்குள்ளே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் தெரியும். 300 சதுர அடிக்கு 10 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு கிலோ வெள்ளை சிமெண்டும் அரை கிலோ பசையும் கலந்து, தளத்தை நனைத்துக்கொண்டு மாலையில் இரண்டு கை அடிக்க வேண்டும். மறுநாள் குறுக்கே இன்னொரு கை. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெண்மை கூடுதல். பிடிப்புக்காகக் கல் உப்பு போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. மண்சுவருக்கு அது சரி, கம்பி போட்ட தளத்தில் வேண்டவே வேண்டாம். அடிக்க ஏற்ற மாதம் தை, மாசி. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும், கச்சான் புழுதி வெள்ளையை மங்கச் செய்துவிடும். இதற்கான கூலியை நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு எந்தத் தலைப்பிலாவது கொடுக்க வழியிருந்தால் பாருங்கள்.

மிச்சமுள்ள 60 சதுர அடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகர ஷீட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. தகரம் இங்கே ஐந்தாறு வருடத்தில் ஓட்டை. அந்த இடத்தை மேற்கிலோ தெற்கிலோ திண்ணையாக்கி, பனங்கையின் மேல் வரிச்சு அடித்து, நாட்டு ஓடோ மங்களூர் ஓடோ வேயலாம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், பச்சை மரத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. புயலில் சாய்ந்த முதிர்ந்த மரங்கள் விறகுக்குப் போவதற்குப் பதில் இதற்கு வரட்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். 75 வாட் பழைய மின்விசிறி இரண்டு, நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 126 யூனிட். அரசு தரும் 100 யூனிட் இலவசத்தை விசிறியே முழுங்கிவிட்டு மேலும் கேட்கிறது. பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியில் இதே ஓட்டத்துக்கு 50 யூனிட். விளக்கையும் டி.வி.யையும் சேர்த்தாலும் பெரும்பாலான சிறு வீடுகளுக்குக் கட்டணமே வராது. ஒரு குறை உண்டு: அதன் உள்ளே மின்னணுப் பலகை இருக்கிறது, உப்பு ஈரம் அதைத் தாக்கும். மொத்தக் கொள்முதல் செய்தால், பலகைக்குப் பாதுகாப்புப் பூச்சு உள்ளதையும், உத்தரவாதம் ஐந்து வருடம் உள்ளதையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது சூரியத் தகடு. எங்கள் கருத்து சிலருக்குக் கசக்கலாம். இரண்டு மாதத்துக்கு 100, 120 யூனிட் செலவழிக்கும் 360 சதுர அடி வீட்டின் மேல் தகடு வைப்பது வீண். ஒரு கிலோவாட் நாளுக்கு நான்கு யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 தரும். அந்த வீட்டுக்கு அது தேவையில்லை. பராமரிக்க ஆளில்லாமல் மூன்றாம் வருடம் துருப்பிடித்து நிற்கும். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டுகிற, ஏ.சி. உள்ள வீடுகளுக்குப் பொருந்தும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் மலிவு விலையும் கைவிட்டுப் போவதால் அவர்களுக்கு உடனே லாபம். உங்கள் கையில் இருப்பவை ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார். பகலில் ஓடுபவை அவைதான், தகட்டை அங்கே வையுங்கள். கமுதியில் 648 மெகாவாட் எழுந்த மாவட்டம் இது, வெயிலுக்குப் பஞ்சமில்லை.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை எல்லாம் உப்பைப் பற்றியவையே. தகட்டுக்கு ஐ.இ.சி. 61701 உப்புமூட்டச் சான்று கேளுங்கள். தாங்கு சட்டம் வெல்டிங் முடித்த பிறகு துத்தநாகத்தில் தோய்த்தெடுத்ததாக, 80 மைக்ரான் பூச்சோடு இருக்க வேண்டும். தோய்த்த பிறகு அறுப்பதும் துளையிடுவதும் கூடாது, அறுத்த வாயில்தான் துரு பிறக்கும். போல்ட்டு எஸ்.எஸ். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. விலை குறைவென்று 304 போட்டால் இரண்டு வருடத்தில் பழுப்புக் கறை. அலுமினியச் சட்டத்துக்கும் எஃகு போல்ட்டுக்கும் நடுவே நைலான் வாஷர் இல்லாவிட்டால், ஈரம் சேர்ந்து இரண்டும் ஒரு பேட்டரி போல ஆகி, அலுமினியம் கரையும். தளத்தைத் துளைத்து ஆங்கர் அடிக்க வேண்டாம், அது உப்புத் தண்ணீரை நேராகக் கம்பிக்குக் கொண்டுபோகும். கான்கிரீட் பீடம் வார்த்து அதன் மேல் நிறுத்தலாம், எடையைப் புயல் காற்றுக்குக் கணக்கிட்டுப் போட வேண்டும். சாய்வு தெற்கு நோக்கி 10 டிகிரி. நம் அட்சரேகைக்கு அதுவே சரி, தாழ்வாக இருப்பதால் காற்றும் அதிகம் தூக்காது. இன்வெர்ட்டரைக் கடல் பார்க்காத சுவரில், நிழலில் மாட்டுங்கள். நில இணைப்புக்கு வெறும் ஜி.ஐ. பட்டை உப்பு மண்ணில் கரைந்துபோகும். செம்புப் பூச்சுக் கம்பி போட்டு, வருடம் ஒருமுறை ஐப்பசிக்கு முன் அதன் மின்தடையை அளந்து பாருங்கள்.

கழுவுவது காலை வெயில் ஏறும் முன், நல்ல தண்ணீரில், மென்துணியால். கச்சான் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்து வெள்ளைப் படலம் உட்கார்ந்து, பிறகு கழுவாமல் விட்டதைவிட மோசமாகும். காக்கை எச்சம் தகட்டின் ஒரே ஒரு செல்லை மறைத்தாலும் அந்த இடம் சூடேறிக் கருகும்.

அந்த நல்ல தண்ணீருக்கு வழி கூரையிலேயே இருக்கிறது. 33 சதுர மீட்டர் கூரையில் 2 சென்டிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் தொட்டி நிறையும். இங்கே மழைநீரைப் பூமிக்குள் விட்டால் உப்பு நீரோடு கலந்துபோகிறது, தொட்டியில் பிடிப்பதே மேல். முதல் 30 லிட்டரை வெளியே விட ஒரு திருகுக் குழாய், வாயில் கொசுவலை, கறுப்புத் தொட்டி. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே ஒரு நடைமுறை மாற்றத்தை மட்டும் இந்த வருடத்திலேயே செய்ய முடியும். தளம் போடும் தவணையை விடுவிக்கும் முன் இப்போது எடுக்கும் படத்தோடு இன்னும் மூன்று படம் கேளுங்கள்: கம்பிக்கு அடியில் கவர் பிளாக்கை அளவுகோலோடு காட்டும் படம், கலவைத் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண், மணல் குவியல் எங்கிருந்து வந்தது என்ற ரசீது. தளம் போட்ட பிறகு எடுக்கும் எந்தப் படத்திலும் இவை தெரியாது.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோரத்தில் கொத்து வேலை, கம்பி வேலை, மின்வேலை பார்ப்பவர்கள்